பாட்டுக் கட்டுரையைப் பார்த்துக் கொடுக்கப் போகிறீர்களா? கைகொடுக்கும் குறிப்புகள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பாப் பாட்டைப் பற்றி யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உழைத்துக் கட்டுரை எழுதி, ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்’ என்று பியர் ரிவ்யூ பக்கத்தில் வைத்திருப்பார். ‘நல்ல கட்டுரை’, ‘சிறப்புக் கட்டுரை’ என்ற தகுதிக்கு அனுப்பும் முன் நம் வீட்டு ஆட்களிடம் காட்டிக்கொள்வது மாதிரிதான் இது. தொகுக்கத் தெரிந்த உங்களுக்கு அடிப்படையைச் சொல்லத் தேவையில்லை. நேரமும் கண்ணும் மிச்சமாகிற வழிகளை மட்டும் பகிர்ந்துகொள்கிறேன். மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாட்டை அடிக்கடி உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கேட்காத காது அபூர்வம் என்பதால் சொல்வது சட்டென்று விளங்கும்.

1. கட்டுரையைத் திறக்கும் முன் பாட்டை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிடுங்கள். பாடகரின் சொந்த யூடியூப் சேனலில் காசில்லாமலே கிடைக்கும். படித்துவிட்டுக் கேட்டால் எழுதியவர் சொன்னதுதான் காதில் விழும். முதலில் கேட்டால்தான் எது விடுபட்டிருக்கிறது என்று தெரியும்.

2. முதல் வாசிப்பில் எதையும் திருத்த வேண்டாம். ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரத்தில் படித்து முடித்து, எங்கே அலுப்புத் தட்டியது, எந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டி வந்தது என்று மட்டும் மனசில் வையுங்கள். அந்த இடங்களில்தான் உண்மையான வேலை இருக்கும்.

3. காற்புள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். சான்று சரியில்லாத பத்தி நாளைக்கே வெட்டப்படும். அதில் உட்கார்ந்து இலக்கணம் பார்த்த நேரம் வீண். முதலில் சான்று, அப்புறம் விடுபட்ட விஷயம், பிறகு வாக்கியம், கடைசியில் புள்ளியும் கமாவும்.

4. நூற்றைம்பது சான்று இருந்தால் நூற்றைம்பதையும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பானைக்கு ஒரு சோறு என்ற கணக்கும் இங்கே போதாது. பகுதிக்கு இரண்டு வீதம் பத்துப் பன்னிரண்டு எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு தப்பாக வந்தால், மிச்சத்தை எழுதியவரே ஒருமுறை அலசட்டும் என்று கேட்டுவிடலாம்.

5. எதைத் திறப்பது என்று குழப்பமா? எண் உள்ள வரி, மேற்கோள் குறிக்குள் உள்ள வரி, ‘முதன்முதலில்’, ‘ஒரே’ என்ற சொல் உள்ள வரி, இந்த மூன்றையும் முதலில் திறங்கள். தப்பு ஒளிந்துகொள்ள இவைதான் வசதியான மூலை.

6. செத்துப்போன இணைப்பைப் பார்த்ததும் ‘சான்று இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த முகவரியை வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பழைய பிரதி கிடைத்துவிடும். அதன் இணைப்பையும் சேர்த்துக் கொடுத்தால் எழுதியவருக்கு ஒரு நாள் மிச்சம்.

7. காசு கட்டிப் படிக்க வேண்டிய செய்தித்தாளா? 500 தொகுப்பும், ஆறு மாதக் கணக்கும், கடைசி மாதத்தில் பத்துத் தொகுப்பும் இருந்தால் விக்கிப்பீடியா நூலகம் உங்களுக்குத் திறந்திருக்கும். ஜேஸ்டோர், ப்ரோகுவெஸ்ட் எல்லாம் அதன் வழியாக இலவசம். நம்மில் நிறையப் பேர் இதைப் பயன்படுத்துவதே இல்லை, பாவம்.

8. பழைய பாட்டுக்குப் பழைய பத்திரிகையைப் பார்ப்பதுதான் நல்லது. பில்போர்டு இதழின் பழைய பக்கங்கள் கூகுள் புக்ஸில் படமாகவே இருக்கின்றன. பாட்டு வெளிவந்த வாரத்தின் பக்கத்தையே காட்டினால், பின்னாளில் யாரோ எழுதிய தொகுப்புரை தேவைப்படாது.

9. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற தளம் சான்றாகாது. டிஸ்காக்ஸ், ஐஎம்டிபி, ஜீனியஸில் ரசிகர்கள் எழுதும் விளக்கம் எல்லாம் தகவல் தேட உதவும், சான்றாகக் காட்ட உதவாது. ஆல்மியூசிக்கில் பெயர் போட்டு எழுதிய விமர்சனத்தை எடுக்கலாம்; ஓரத்தில் இருக்கும் இசைவகைப் பட்டியலை எடுக்கக் கூடாது.

10. தகவல் பெட்டியில் ‘இசைவகை’ என்ற வரியில் கொஞ்சம் நின்று பாருங்கள். பாட்டுக் கட்டுரைகளில் அதிகச் சண்டை நடக்கிற இடம் அதுதான். பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு வகையும் உள்ளே சான்றோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது என்ன வகை என்று நம் காது சொல்வதை ஓரமாக வைத்துவிடலாம்.

11. சுருதி, வேகம் பற்றிய வரிக்கு இணையத்தில் விற்கும் இசைக்குறிப்புத் தாளையே சான்றாகக் காட்டுவார்கள். அதில் பியானோ பழகுகிறவர்களுக்காகச் சுருதி மாற்றிய பதிப்புகளும் உண்டு. எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். ‘பில்லி ஜீன்’ எஃப் ஷார்ப் மைனர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 117 தட்டு. வேகத்தை மட்டுமாவது கைபேசியில் ஒரு மெட்ரோனோம் செயலி வைத்து அரை நிமிடத்தில் ஒத்துப் பார்க்கலாம்.

12. பாட்டின் ஒலித்துண்டு எவ்வளவு நீளம் இருக்கலாம்? 30 வினாடி அல்லது பாட்டின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. ‘பில்லி ஜீன்’ ஆல்பத்தில் 4 நிமிடம் 54 வினாடி, அதாவது 294 வினாடி. ஆக 29 வினாடிக்கு மேல் போகக் கூடாது. பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ ஏழு நிமிடத்தைத் தாண்டும், இருந்தாலும் அதற்கும் 30 தான். மூன்று நிமிடப் பாட்டுக்கு 18 வினாடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

13. ஒலித்துண்டு சும்மா அலங்காரத்துக்கு இருக்கக் கூடாது. பக்கத்துப் பத்தி பேசுகிற அந்தப் பேஸ் கிட்டார் மெட்டோ, அந்தத் தாளமோ துண்டில் கேட்க வேண்டும். இல்லையென்றால் வேறு இடத்திலிருந்து வெட்டச் சொல்லுங்கள்.

14. அட்டைப் படம் பளபளவென்று பெரிதாக இருந்தால் அதுவே குறை. உரிமை உள்ள படம் என்பதால் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். 300க்கு 300 பிக்சல் என்பது பத்திரமான அளவு. ஏன் அந்தப் படம் வேண்டும் என்ற விளக்கம் படத்தின் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

15. பாட்டின் வரிகளை நாலு நாலாகத் தூக்கி வைத்திருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், இது உரிமைச் சிக்கல். பேசப்படுகிற அந்த இரண்டு மூன்று சொல் போதும்; மிச்சத்தைச் சொந்தச் சொல்லில் எழுதச் சொல்லலாம்.

16. முன்னுரையை ஒரு ஜன்னலிலும் உள்கட்டுரையைப் பக்கத்து ஜன்னலிலும் திறந்து வையுங்கள். முன்னுரையில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் பெயரும் உள்ளே இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். உள்ளே சான்றோடு இருந்தால், மேற்கோள், சர்ச்சை தவிர மற்றதற்கு முன்னுரையில் திரும்பச் சான்று போட வேண்டியதில்லை.

17. ‘முதல் சிங்கிள்’ என்ற சொல்லைக் கண்டால் தேதியைப் பாருங்கள். ‘த்ரில்லர்’ என்றதும் ‘பில்லி ஜீன்’தான் நினைவுக்கு வரும், ஆனால் அந்த ஆல்பத்தின் முதல் சிங்கிள் பால் மெக்கார்ட்னியுடன் பாடிய ‘தி கேர்ள் இஸ் மைன்’, 1982 அக்டோபரில் வந்தது. ‘பில்லி ஜீன்’ இரண்டாவது. 1983 ஜனவரியில் வந்தது.

18. மேடை நிகழ்ச்சி என்றால் படம் பிடித்த நாள் ஒன்று, ஒளிபரப்பான நாள் வேறு. ஜாக்சன் மூன்வாக் ஆடிய ‘மோட்டவுன் 25’ நிகழ்ச்சி பாசடீனாவில் 1983 மார்ச் 25 அன்று பதிவாகி, மே 16 அன்று என்பிசியில் வந்தது. கட்டுரையில் ஒரே தேதி இருந்தால் எந்தத் தேதி என்று கேளுங்கள்.

19. சுவையான கதை ஒன்று சிக்கினால் தேதிகளை வைத்து உரசிப் பாருங்கள். ஸ்வீடன் அரசரின் கல்யாணத்துக்காகவே ஆபா குழு ‘டான்சிங் குவீன்’ எழுதியது என்று ஒரு பேச்சு உண்டு. கல்யாணம் 1976 ஜூன் 19. அதற்கு முந்தின இரவு விழாவில் அவர்கள் இதைப் பாடியது உண்மை, ஆனால் ஒலிப்பதிவு 1975 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. கதையை நீக்கச் சொல்ல வேண்டாம், தேதியைப் பக்கத்தில் வைக்கச் சொன்னால் போதும்.

20. இரண்டு தரப்பும் வேறு வேறு சொல்கிற விஷயத்தைக் கட்டுரை தன் வாயால் சொல்லக் கூடாது. ஜாக்சனின் வீடியோவை எம்டிவி போடாவிட்டால் தங்கள் கலைஞர்கள் எல்லோருடைய வீடியோவையும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் தலைவர் வால்டர் யெட்னிகாஃப் எச்சரித்ததாக ஒரு கதை. எம்டிவி தரப்பு அதை மறுத்தது. கறுப்பினக் கலைஞர்களுக்குத் திரை மறுக்கப்பட்ட வரலாறு இதில் இருப்பதால் அவசரமாகத் தாண்டவும் கூடாது. யார் சொன்னது என்று பெயரோடு இருக்கிறதா, மறுப்பும் அதே பத்தியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

21. பில்போர்டு ஹாட் 100 பட்டியல் வாரத் தொடக்கத்தில் வெளியானாலும், அதன் மேல் அடுத்து வரும் சனிக்கிழமை தேதிதான் இருக்கும். ‘மார்ச் 5 அன்று முதலிடத்தைப் பிடித்தது’ என்பதைவிட ‘மார்ச் 5 தேதியிட்ட பட்டியலில் முதலிடம்’ என்பதே சரி. சின்ன மாற்றம்தான், ஆனால் சிறப்புக் கட்டுரை பார்க்கிறவர்கள் இதைத் தவறாமல் பிடிப்பார்கள்.

22. ‘அவ்வளவு பெரிய பாட்டு, பட்டியலிலேயே இல்லையே’ என்று எழுதியவர் மேல் சந்தேகப்படும் முன் காலத்தைப் பாருங்கள். 1998 டிசம்பர் வரை கடையில் சிங்கிளாக விற்காத பாட்டு ஹாட் 100க்குள் நுழைய முடியாது. நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ வானொலிப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100இல் இடம்பெறவில்லை. இந்தக் காரணத்தை ஒரு வரியில் சேர்க்கச் சொன்னால் படிக்கிறவர்களின் குழப்பமும் தீரும்.

23. சொந்த நாட்டில் கட்டாயம் முதலிடம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அடெலின் ‘ரோலிங் இன் தி டீப்’ அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடம், அவருடைய பிரிட்டனில் இரண்டாம் இடம்தான். நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

24. ஐடியூன்ஸில் முதலிடம், ஒரே ஒரு கடையின் பட்டியலில் முதலிடம் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு நாட்டுக்கு அங்கீகாரமான பட்டியல் ஒன்று இருக்கும்போது ஒற்றைக் கடையின் கணக்கை ஏற்பதில்லை. வெட்டினால் அட்டவணையும் இளைக்கும்.

25. ‘பிளாட்டினம்’ என்ற விற்பனைச் சான்றிதழ் நாட்டுக்கு நாடு வேறு அளவுப் படி. அமெரிக்காவில் சிங்கிளுக்குப் பத்து லட்சம், பிரிட்டனில் ஆறு லட்சம். அமெரிக்காவிலேயே 1989க்கு முன் தங்கத்துக்குப் பத்து லட்சமும் பிளாட்டினத்துக்கு இருபது லட்சமும் வேண்டியிருந்தது. அதனால் பழைய பாட்டின் தங்கத்தைப் புதுப் பாட்டின் தங்கத்தோடு ஒப்பிடுகிற வரி இருந்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுங்கள்.

26. இன்றைய அமெரிக்கச் சான்றிதழில் இருப்பது ‘யூனிட்’. 150 தடவை ஸ்ட்ரீம் ஆனால் ஒரு யூனிட் என்று கணக்கு. அதை ‘பிரதிகள் விற்றன’ என்று எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, அங்கே நிறுவனம் கேட்டுக்கொண்டால்தான் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இல்லை என்பதால் விற்கவில்லை என்று ஆகாது.

27. பழைய பாட்டு என்றாலும் கணக்கு முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போன கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’, ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரில் வந்த பிறகு 2022 ஜூனில் அங்கே முதலிடம் பிடித்தது. மரியா கேரியின் 1994 கிறிஸ்துமஸ் பாட்டு ஹாட் 100இல் முதலிடம் தொட்டது 2019 டிசம்பரில். ‘உச்ச இடம்’ என்ற கட்டத்தை இன்றைய தேதியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

28. கிராமியில் ‘ரெக்கார்ட்’ வேறு, ‘சாங்’ வேறு. முதலாவது பாடியவருக்கும் தயாரித்தவருக்கும், இரண்டாவது எழுதியவருக்கும். பாதிக் கட்டுரைகளில் இரண்டையும் கலந்து வைத்திருப்பார்கள்.

29. பெரிய பாட்டுக்குப் பெரிய விருதுதான் கிடைத்திருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். 1984இல் ‘ரெக்கார்ட் ஆஃப் தி இயர்’ வாங்கியது ‘பீட் இட்’. ‘பில்லி ஜீன்’ வாங்கியது ஆர் அண்ட் பி பிரிவில் இரண்டு விருது.

30. எழுதியவர்கள் பட்டியல் பின்னாளில் மாறலாம். எட் ஷீரனின் ‘ஷேப் ஆஃப் யூ’ வந்த சில மாதத்திலேயே ‘நோ ஸ்கரப்ஸ்’ என்ற பழைய பாட்டை எழுதிய மூவரின் பெயரும் சேர்ந்தது. தகவல் பெட்டி, உள்கட்டுரை, கலைஞர் பட்டியல் மூன்றிலும் ஒரே பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

31. பின்னணிக் கலைஞர்களை விட்டுவிடாதீர்கள். ‘பில்லி ஜீன்’ தொடங்கும்போது நம் தலையை ஆட்ட வைப்பது லியான் சான்சலரின் டிரம்மும் லூயிஸ் ஜான்சனின் பேஸும்தான். பாட்டைத் தூக்கி நிறுத்துகிறவர்களின் பெயர் கடைசிப் பட்டியலில் மட்டும் இருந்தால், இசையைப் பற்றிய பகுதியிலும் ஒரு வரி கேளுங்கள்.

32. ‘விமர்சனம்’ பகுதிதான் பெரும்பாலும் சவசவ என்று இருக்கும். இந்தப் பத்திரிகையின் இவர் இப்படிச் சொன்னார், அந்தப் பத்திரிகையின் அவர் அப்படிச் சொன்னார் என்று பத்து வரி வந்தால் யாருக்குத்தான் படிக்கத் தோன்றும்? கீரையைக் கட்டு பிரித்து ஆய்வது போல, குரலைப் பற்றிச் சொன்னவர்கள் ஒரு பக்கம், வரிகளைப் பற்றிச் சொன்னவர்கள் ஒரு பக்கம், தயாரிப்பைப் பற்றிச் சொன்னவர்கள் ஒரு பக்கம் என்று கூறு கட்டச் சொல்லுங்கள். ‘மாற்றி எழுதுங்கள்’ என்று மட்டும் சொல்லாமல் ஒரு பத்தியை நீங்களே அடுக்கிக் காட்டினால், மிச்சத்தை அவரே செய்துவிடுவார்.

33. எல்லோரும் புகழ்ந்ததாகவே இருந்தால் வெளிவந்த ஆண்டின் விமர்சனங்களைத் தேடிப் பாருங்கள். இருபது வருஷம் கழித்து வந்த ‘தலைசிறந்த பாடல்கள்’ பட்டியல்களை அன்றைய வரவேற்பு என்று எழுதியிருப்பார்கள். இரண்டையும் தனித்தனிப் பகுதியாக்கினால் கட்டுரை நேர்மையாகும்.

34. ‘பெரும்பாலான விமர்சகர்கள் பாராட்டினார்கள்’ என்ற வரிக்கு அதையே சொல்கிற ஒரு சான்று வேண்டும். ஐந்து நல்ல விமர்சனத்தைக் கூட்டி நாமே அந்த முடிவுக்கு வரக் கூடாது. சான்று இல்லையென்றால் அந்த வரியே தேவையில்லை, விமர்சனங்களே பேசிக்கொள்ளும்.

35. வீடியோவில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லத் தனிச் சான்று தேவையில்லை. அதற்குப் பொருள் சொன்னால் தேவை. ‘கால் வைத்த இடமெல்லாம் தரை ஒளிர்கிறது’ என்பது காட்சி. அது புகழைக் குறிக்கிறது என்றால், யார் சொன்னது என்று கேளுங்கள்.

36. வேறு யார் யார் பாடினார்கள் என்ற பட்டியல் கொடி போல வளர்ந்துகொண்டே போகும். வேறொரு நல்ல பத்திரிகை அந்தப் பதிப்பைப் பற்றிப் பேசியிருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் கத்தரித்துவிடலாம்.

37. கன்ட்ரோல், எஃப் பொத்தான்கள் நம் அரிவாள்மணை. ‘ஐகானிக்’, ‘லெஜண்டரி’, ‘ஹவெவர்’, ‘ஆல்சோ’ என்று ஒவ்வொன்றாகத் தேடினால் பத்து நிமிடத்தில் பாதிச் சதை கழியும். நான் இதற்கென்று ஒரு சின்ன நோட்டில் முப்பது சொல் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

38. கண் சோர்ந்தால் கைபேசியை வாசிக்கச் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்குங்கள். ஒரே சொல் இரண்டு தடவை வருவதும், மூச்சு முட்டுகிற நீள வாக்கியமும் கண்ணைவிடக் காதில் சீக்கிரம் அகப்படும்.

39. வேறு இடத்திலிருந்து அப்படியே எடுத்த வரிகள் உண்டா என்று பார்க்க ‘இயர்விக்’ கருவி இருக்கிறது. அது காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். பாட்டின் பெயர், விருதின் பெயர், மேற்கோள் எல்லாவற்றையும் அது சேர்த்தே எண்ணும். வண்ணமிட்ட வரிகளைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

40. அமெரிக்கப் பாடகர் என்றால் அமெரிக்க எழுத்துக்கூட்டல், மாதம் முன்னால். பிரிட்டன் பாடகர் என்றால் அங்குள்ளபடி, நாள் முன்னால். பாட்டின் பெயர் மேற்கோள் குறிக்குள், ஆல்பத்தின் பெயர் சாய்வெழுத்தில். இவற்றைக் குறையாக எழுதுவதைவிட நீங்களே தொகுத்துவிடுவது சீக்கிரம்.

41. குறிப்புகளை மணல்தொட்டியில் எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் ஒட்டுங்கள். நெட் போனாலும் உழைப்பு போகாது. பகுதித் தலைப்பு போட்டு, வாக்கியத்தின் முதல் நாலு சொல்லையும் எடுத்துப் போட்டால் எழுதியவர் தேடி அலைய வேண்டாம்.

42. கட்டாயம் மாற்ற வேண்டியது எது, உங்கள் விருப்பம் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே தொனியில் இருந்தால் புதியவர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, நன்றாக இருந்த வரியையும் இழந்துவிடுவார்கள்.

43. நன்றாக வந்திருக்கிற ஒரு பத்தியைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ‘நல்ல முயற்சி’ என்ற பொத்தாம்பொதுச் சொல்லைவிட ‘பதிவுக்கூடம் பற்றிய இரண்டாம் பத்தி பிரமாதம்’ என்பதில் அவருக்குத் தெம்பு வரும், அதே மாதிரி இன்னொன்று எழுதவும் தெரியும்.

44. அந்தப் பாடகரை உங்களுக்குத் தெரியவே தெரியாதா? ரொம்ப நல்லது. ரசிகர்களுக்குப் புரிந்துபோகிற வரி நமக்குப் புரியாமல் நிற்கும். அதைத்தான் எழுதியவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

45. ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். இன்று முன்னுரையும் பின்னணியும், நாளை இசையும் விமர்சனமும், ஞாயிற்றுக்கிழமை அட்டவணைகள் என்று பிரித்துக்கொண்டால் வீட்டு வேலையும் கெடாது. பாதியில் இருக்கிறது என்று அங்கே ஒரு வரி எழுதிவிட்டால் அவரும் காத்திருப்பார்.

46. ஒன்று பார்த்துக் கொடுத்தால் ஒன்று பார்த்துக் கேட்கலாம். அங்கே இது வழக்கம்தான். பியர் ரிவ்யூ பக்கத்தில் ஒரு பதிலும் வராமல் வாரக்கணக்கில் கிடக்கும் பாட்டுகள் எப்போதும் இருக்கும். இன்று ராத்திரி அதில் ஒன்றை எடுத்து, முன்னுரையையாவது பார்த்துக் கொடுங்களேன்.